சேலைக்குள் மறையும் அளவு

நவம்பர் 12

கலெக்டர் ஆபீஸிலிருந்து துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது. சின்னப் புத்தகம். உள்ளே என் புகைப்படம். வழிப்பறியில் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன். பெயர் மங்கையர்க்கரசி, தொழில் வழக்கறிஞர், வயது நாற்பத்தாறு, காரணம் தற்காப்பு.

அந்தக் காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். போன வருஷம் ஆடி மாதத்தில் கோட்டைப்பட்டி முருகவேல், மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் போனபோது ஒரு டிப்பர் லாரி பின்னாலிருந்து மோதி மேலே ஏறியது. ரத்தினசபாபதியின் கல்குவாரி அனுமதித்த ஆழத்துக்கு மேல் தோண்டுகிறது என்று மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தவர் அவர். அங்கேயே இறந்துபோனார். மனைவி அழகுமீனா ஓடைக்குள் தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தாள். லாரியிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்து முருகவேலைக் காலால் புரட்டிப் பார்த்ததை, முள்ளுக்குள் கிடந்தபடி அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஆள் ரத்தினசபாபதியின் மருமகன். விபத்து என்று எழுதி மூடிய கேஸைக் கொலை வழக்காக மாற்ற நான் ஹைகோர்ட் வரை போக வேண்டியிருந்தது. இப்போது மாமனார், மருமகன் இரண்டு பேரும் ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். விசாரணை மார்ச்சில் தொடங்குகிறது. நேரில் பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான்.

செப்டம்பரில் என் கார் கண்ணாடி உடைந்தது. அக்டோபரில் ஒருவன் போன் பண்ணி, நான் ஒட்டன்சத்திரத்தில் வீட்டைப் பூட்டுவதிலிருந்து திண்டுக்கல் கோர்ட்டில் இறங்குவது வரை ஒப்பித்தான். போலீஸ் அறிக்கை எனக்குச் சாதகமாகப் போனதால் லைசென்ஸ் சீக்கிரம் வந்தது.

என் கூடப்பிறந்த தனபாலன் அண்ணன் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பாப்பா, இது வேணுமா நமக்கு?" என்றார். வேணும் என்றேன். "சரி, அப்ப நானும் வர்றேன். நீ பாட்டுக்குப் போய் எதையாவது தூக்கிட்டு வந்துராத."

நவம்பர் 16

திருச்சி. அண்ணன்தான் கார் ஓட்டினார். அவருடைய ஹாலோ பிளாக் பட்டறைக்கு ஜல்லி வராமல் ஒரு வாரமாக வேலை நிற்கிறதாம். அதனால் வர முடிந்தது.

துப்பாக்கிக் கடை என்றால் எப்படியோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ரேடியோ ரிப்பேர் கடை மாதிரி இருந்தது. ஷெரீப் பாய் என்று ஒருவர், வெள்ளைச் சட்டை, காதில் மெஷின். லைசென்ஸைப் பார்த்துவிட்டுப் பச்சைத் துணி விரித்தார். மூன்று சாமான்களை எடுத்து வைத்தார்.

முதலாவது ரிவால்வர். ஆறு தோட்டா. எந்தக் காலத்திலும் தோட்டா உள்ளே மாட்டிக்கொள்ளாது என்றார். ஆனால் நடு உருளை தடிமன். என் இடுப்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கொசுவத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைச் சொருகியது போலப் புடைத்தது.

இரண்டாவது உள்நாட்டு பிஸ்டல், பாயிண்ட் முப்பத்திரண்டு. தட்டையாக இருந்தது. கனம் உண்டு.

மூன்றாவது பழைய வெளிநாட்டுச் சரக்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. பார்க்க அழகு. யாரோ ஓர் எஸ்டேட் முதலாளி விற்றதாம்.

"லேடீஸெல்லாம் இதத்தான் மேடம் கேப்பாங்க. ஹேண்ட்பேக்ல கிடக்கும், தெரியவே தெரியாது" என்றார்.

"ஹேண்ட்பேக்கைப் பிடுங்கிட்டா?"

அவர் சிரித்தார். 

அண்ணன் அந்தச் சின்னதையே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "இதையே எடு பாப்பா. சும்மா ஒரு தைரியத்துக்குத்தானே. யாரையும் சுடவா போற?"

மேல்பக்கம் நகர்கிற ஸ்லைடை இழுத்துப் பார்த்தேன். திரும்பி வரும்போது சோம்பலாக வந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று கேட்டேன். பழசுதானே, பார்த்துச் செய்யலாம் என்றார் ஷெரீப் பாய். உதிரி பாகம் கிடைக்குமா என்றதற்குக் காதில் இருந்த மெஷினைச் சரிசெய்துகொண்டார்.

சுட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் மணப்பாறையில் முறுக்கு வாங்கினோம். அண்ணன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

நவம்பர் 19

காஸ் தீர்ந்துவிட்டது. அண்ணன் வீட்டிலிருந்து மதினி மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்.

பிஸ்டல் அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து வாங்கி வந்து சேலைக்குள் வைத்துப் பார்த்தேன். வலது இடுப்பில் வைத்தால் அப்படியே தெரிகிறது. சேலை கட்டுகிறவளுக்கு வலது பக்கம் மறைப்பே இல்லை. முதுகில் வைத்தால் காரில் உட்கார முடியாது. இடது இடுப்புதான் சரி. முந்தானை மேலே விழுகிறது. வலது கையை முந்தானைக்கு அடியில் விட்டால் நேராகப் பிடி அகப்படுகிறது. சுடிதாருக்கு மாறலாம் என்று அழகுமீனாகூட ஒருமுறை சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் சேலையில் கோர்ட்டுக்குப் போயாகிவிட்டது. அவர்களுக்காக மாற்றுவதாக இல்லை.

டெய்லர் அந்தோணியிடம் கெட்டித் துணியில் ஒரு பெல்ட், அதில் விசையை முழுக்க மூடுகிற மாதிரி ஓர் உறை தைக்கச் சொன்னேன். செல்போனுக்கு என்றேன். "இவ்வளவு பெரிய செல்லாம்மா?" என்றார்.

நவம்பர் 27

ரைஃபிள் கிளப்பில் பயிற்சி. பயிற்சியாளர் ரிட்டயர்டு ராணுவக்காரர். குறி பார்க்கவே விடாமல் ஒரு மணி நேரம் வெறும் துப்பாக்கியை எடுக்கவும் வைக்கவும் சொன்னார். விசையில் விரல் போடாதே, போடாதே, போடாதே.

கடையிலிருந்து பிஸ்டல் இரண்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சின்னது இரண்டாவது தோட்டாவிலேயே மாட்டிக்கொண்டது. மறுபடியும் மாட்டியது. உள்நாட்டு பிஸ்டலும் ஒருமுறை மாட்டியது. எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. அவர் தோட்டா அடைக்கிற மேகசினை வாங்கிப் பார்த்து, வாய்ப்பக்கம் லேசாக நசுங்கியிருக்கிறது, பிஸ்டல் பேரில் தப்பில்லை என்றார். வேறு மேகசின் போட்டதும் கை வலிக்கிற வரை சுட்டேன். ஒருமுறைகூட மாட்டவில்லை.

அதையே எடுத்துக்கொண்டேன். நல்ல மேகசினாக இரண்டு. அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது, "பெரிசாச்சே அது. எங்க வைப்ப?" என்றார். இடது பக்கம், முந்தானைக்குள், தெரியவே தெரியாது என்றேன்.

டிசம்பர் 4

எழுத ஒன்றுமில்லை. கனக்கிறது.

டிசம்பர் 9

துப்பாக்கி வைத்திருப்பதில் யாரும் சொல்லாத சங்கடங்கள் உண்டு. குனிந்து செருப்பு மாட்ட முடிவதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் பின்வாங்குகிறேன். மதினி முகம் சுருங்கிப்போனார். பாத்ரூம் போவது பெரிய வேலையாகிவிட்டது. கோர்ட் வாசலில் காவல் அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக, நாளெல்லாம் நான் இருக்கிற இடத்தில் அது இருப்பதில்லை. போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் மட்டும்தான்.

அண்ணன் தினமும் காலையில் போன் பண்ணுகிறார். "கிளம்பிட்டியா பாப்பா? இன்னைக்கு எந்த வழி?" அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர். லா காலேஜ் ஹாஸ்டலுக்கு மாதாமாதம் அரிசி முறுக்கோடு வந்து நிற்பார். என் கல்யாணம் முறிந்தபோது ஊரே பேசியது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் பயந்துகொண்டு போன் பண்ண எனக்கு ஒருத்தர் இருக்கிறார்.

டிசம்பர் 18

வத்தலக்குண்டு போய் அழகுமீனாவைப் பார்த்தேன். வாழைத்தார் மண்டியில் சீப்பு வெட்டுகிற வேலை. மண்டிக்குப் பின்னாலேயே ஓர் அறை. கையெல்லாம் வாழைக்கறை. காவலுக்கு ஒரு பெண் போலீஸ் போட்டிருக்கிறார்கள். சின்னப் பொண்ணு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

சாட்சிக்கூண்டில் குறுக்கு விசாரணை எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் போனேன். அவள் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சிருக்கீங்களாமே. காட்டுங்கக்கா."

தோட்டாவைக் கழற்றிவிட்டுக் காட்டினேன். தொடவில்லை.

"இது இருந்தா தூக்கம் வருதா?"

"இல்ல."

"பெறகு என்னத்துக்கு?"

பிஸ்டலை உறைக்குள் திரும்ப வைத்தேன். அவளே பேச்சை மாற்றினாள். போன வாரம் மண்டியில் இரண்டு பேர் தார் விலை கேட்கிற மாதிரி வந்து, வாங்காமல், அவளைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். "நத்தத்துல இருந்தப்பயும் இப்படித்தான் வந்தாங்க. அதுக்கு முன்னாடி எங்க சித்தி வீட்டுலயும். எங்க போனாலும் எப்படித்தான் தெரியுதோ" என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில்.

அவள் இருக்கிற இடம் போலீஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. போலீஸில் யாரோ சொல்கிறார்கள் போல. எஸ்.பி.க்கு எழுத வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் பட்டறையில் காபி குடித்தேன். ஜல்லி வந்து குவிந்திருந்தது. வேலை ஜோராக நடக்கிறது.

ஜனவரி 6

காலையில் ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் ஒரு பைக் என் காருக்குப் பக்கத்தில் வந்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கண்ணாடியைத் தட்டினான். டிரைவர் சவரிமுத்து அண்ணன் வேகத்தைக் கூட்டினார். பைக்கும் கூடவே வந்தது. நான் கையை முந்தானைக்குள் விட்டுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியை ஏன் கொஞ்சம் இறக்கினேன் என்று தெரியவில்லை. வக்கீல் புத்தி, என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும்.

"அக்கா, சேலை நல்லாருக்கு" என்றான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. நெற்றியில் விபூதி. "இடுப்புல எடப்பக்கம் கனமா இருக்குமே. கழட்டி வச்சிட்டு வரலாம்ல?"

சிரித்தான். பைக் முன்னால் போய்விட்டது.

அவன் கையில் எதுவும் இல்லை. நான் சுடுவதற்கு ஒன்றுமே நடக்கவில்லை. கை அப்படியே இருந்தது. கோர்ட்டுக்குப் போய் ஒரு பாகப்பிரிவினை கேஸில் வாய்தா வாங்கினேன். நீதிபதி என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜனவரி 7

டெய்லர் அந்தோணியிடம் போனேன். நான் தைக்கச் சொன்ன பெல்ட்டைப் பற்றி யாரிடம் சொன்னீர் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"செல்லுக்குன்னுதானம்மா சொன்னீங்க" என்றார். "எந்தப் பக்கம் கட்டுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேறு டெய்லரைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 8

பிஸ்டலை இடம் மாற்றிவிட்டேன். கறுப்புக் கோட்டின் உள்பக்கம் நானே கையால் பை தைத்தேன். தையல் கோணலாக இருக்கிறது; தாங்குகிறது.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். அண்ணன் வீட்டில் சாப்பாடு. மதினி வடை சுட்டுக்கொண்டே, உங்க அண்ணன் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறார், பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள் என்றார்.

சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனபோது அண்ணன் பின்னாலேயே வந்தார். துண்டை நீட்டினார்.

"இன்னும் எடப்பக்கம்தான் வைக்கிறியா பாப்பா?"

"ஆமாண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 3

அண்ணன் வழக்கம்போலப் போன் பண்ணினார். மெயின் ரோட்டில் போவதாகச் சொன்னேன். சவரிமுத்து அண்ணனிடம் கன்னிவாடி வழியாக விடச் சொன்னேன். அங்கே ரோடு மோசம், லேட்டாகிவிட்டது.

பிப்ரவரி 4

இன்று அண்ணனிடம் கன்னிவாடி வழி என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டில் போனேன்.

சவரிமுத்து அண்ணனின் தங்கை மாப்பிள்ளை கன்னிவாடியில் டீக்கடை வைத்திருக்கிறார். காலையில் கடைக்கு எதிரே இரண்டு பைக் நின்றதாம். டீ குடித்துவிட்டு, ரோட்டையே பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் போய்விட்டார்களாம். நேற்று அங்கே யாரும் நிற்கவில்லையாம்.

சவரிமுத்து அண்ணன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 5

தலைவலி. கோர்ட்டுக்குப் போகவில்லை. பிஸ்டலைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். நல்ல சாமான். சொன்னதைச் செய்கிறது.

பிப்ரவரி 6

அழகுமீனாவை வத்தலக்குண்டிலிருந்து மாற்றிவிட்டேன். எங்கே என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 27

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எனக்கு இது எப்படி மறந்துபோனது? விலக்கு கேட்டு மனுக் கொடுத்தேன். கமிட்டி கூடி முடிவெடுக்குமாம். அதற்குள் விசாரணையே முடிந்துவிடும். பெண் போலீஸையும் தேர்தல் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டார்கள். சாட்சி சொல்லும் நாளுக்கு வேறு ஆள் அனுப்பப் பார்க்கிறோம் என்றார் இன்ஸ்பெக்டர். அவர் பேரிலும் குற்றமில்லை. ஸ்டேஷனில் இருந்ததே நான்கு பேர்.

மார்ச் 8

காலையில் ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். வரிசையில் எனக்கு முன்னால் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் நான்கைந்து பேர், காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கிற நாட்டு டபுள் பேரல்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு. என் பிஸ்டலை மேஜையில் வைத்ததும் ரைட்டர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுதா மேடம்? இதெல்லாம் எங்க வச்சுக்குவீங்க?" சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக அண்ணன் பட்டறைக்குப் போனேன். கோட்டு லேசாக இருந்தது. நாளை மறுநாள் அழகுமீனாவின் சாட்சி. இனித் தள்ளிப்போட முடியாது.

பட்டறை ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் ஆபீஸ் அறையில் தனியாக மிக்சர் தின்றுகொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, ஜல்லி எங்கிருந்து வருது?"

அவர் மிக்சர் பொட்டலத்தை மடித்தார். மடித்ததையே திரும்பவும் மடித்தார்.

"உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு பொங்கலன்னைக்கே நினைச்சேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவரே சொன்னார். நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்டோபரில் ரத்தினசபாபதியே பட்டறைக்கு வந்திருக்கிறார். பூ, பழத்தோடு. உங்க தங்கச்சி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பசங்கதான் கொதிக்கிறானுங்க, எங்க போறாங்க வர்றாங்கன்னு தெரிஞ்சா நானே பசங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுவேன் என்று சொல்லியிருக்கிறார். முடியாது என்றாராம். நவம்பரில் ஜல்லி நின்றது. ரத்தினசபாபதிக்குப் பயந்து, கல் உடைக்கிற எந்தக் கிரஷரும் தரவில்லை. ஒரு வாரம் கழித்து அண்ணன் போன் பண்ணியிருக்கிறார்.

"உன்மேல ஒரு கீறல் விழக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் பாப்பா சொன்னேன். சும்மா மெரட்டுவாங்க, நீ பயந்து விட்டுருவன்னு நினைச்சேன். நீதான் துப்பாக்கிய வாங்கிக் கட்டிக்கிட்ட."

"துப்பாக்கிய எந்தப் பக்கம் வைக்கிறேன்னு எதுக்குச் சொன்ன?"

"நீ பதறிப்போய் சுட்டு, அவனுங்க திருப்பி அடிச்சா? வச்சிருக்கேன்னு தெரிஞ்சா கிட்ட வர மாட்டாங்கன்னுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம்.

"அழகுமீனா இருந்த இடம்? அவளப் பாக்கப் போறப்பல்லாம் உங்கிட்டத்தானே சொல்லிட்டுப் போனேன்."

 வெளியே லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கும் சத்தியம் வாங்குனியாண்ணே?"

"கேட்டாங்க" என்றார். "அந்தப் பொண்ணு எனக்கு யாரு பாப்பா? நீதான எனக்கு."

என் கை தானாகவே கோட்டுக்குள் போயிருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். அவரும் பார்த்துவிட்டார். 

"நாளன்னைக்குக் கார நீ ஓட்டு" என்றேன்.

"நானா? நான் எதுக்கு?"

"போலீஸ் ஆள் இல்லங்கிறாங்க. துப்பாக்கியும் இல்ல. நீ ஓட்டு. உன் பக்கத்துல அந்தப் பொண்ணு உக்காருவா. நான் பின்னாடி இருப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வெளிறியது.

"உங்களுக்குள்ளதான் சத்தியம் இருக்கே" என்றேன்.

மார்ச் 9

சவரிமுத்து அண்ணனை நாளை வர வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு மூன்று பெண்கள். ஏன் என்று கேட்காமல் கார் சாவியைக் கொடுத்துவிட்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணன் வருவாரா என்று தெரியவில்லை. வராவிட்டால் நானே ஓட்டுவேன்.

மார்ச் 10

வந்தார். சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. மதினியிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

அழகுமீனாவை ஏற்றிக்கொண்டோம். "எங்கண்ணன்" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டு முன்சீட்டில் ஏறினாள். பெல்ட் போடத் தெரியவில்லை. அண்ணன்தான் குனிந்து போட்டுவிட்டார்.

பாதி வழியில் அவர் போன் அடித்தது. ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்தது, பேர் தெரிந்தது. பேரில்லை, 'கிரஷர்' என்று இருந்தது. அவர் எடுக்கவில்லை. நின்றது. திரும்பவும் அடித்தது.

"எடுத்துப் பேசுண்ணே" என்றேன். "எந்த ரோட்டுல போறோம்னு சொல்லு."

அழகுமீனா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கார்ல யார் யார் இருக்கோம்னும் சொல்லு."

அண்ணன் காரை ஓரம் கட்டினார். போனைக் காதில் வைத்தார். மறுமுனை பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"மெயின் ரோட்டுலதான் போறோம்" என்றார். "நான்தான் வண்டி ஓட்டுறேன். ஆமா, நானேதான். பக்கத்துல அந்தப் பொண்ணு. வர்றதுன்னா முன்னாடியே வரச் சொல்லுங்க. நேரா என்னைத்தான் இடிக்கணும்."

போனை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தார். கியர் ஒருமுறை கரகரத்தது. அப்புறம் அவர் கோர்ட் வாசல் வரை வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. டோல் பக்கத்தில் இரண்டு பைக் நின்றது. விபூதிக்காரன் காருக்குள் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். போனை எடுத்துக் காதில் வைத்தான். எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

அழகுமீனா சாட்சிக்கூண்டில் மதியம் வரை நின்றாள். எதிர்த்தரப்பு சீனியர் அவளை மூன்று விதமாகக் கேட்டார்: முள்ளுக்குள் கிடந்தவளுக்கு எப்படி முகம் தெரிந்தது? "முகத்தைத்தான் மொதல்ல பாக்கலைங்கய்யா. காலத்தான் பாத்தேன். எங்க வீட்டுக்காரரப் பொரட்டுன கால். அப்புறம் நிமுந்து பாத்தேன்" என்றாள். கைநீட்டி மருமகனைக் காட்டினாள். நீட்டிய கை இறங்கவே இல்லை. நீதிபதி போதும்மா என்று சொன்ன பிறகுதான் இறக்கினாள்.

வெளியே வந்தபோது அண்ணன் வேப்பமரத்தடியில் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். நான் காகிதங்களைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். அழகுமீனா எனக்கு முன்னாலேயே போய், எதிர்க் கடையில் டீ வாங்கி அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலியேண்ணே. நீங்க ஓட்டுனதால பயமில்லாம வந்தேன். நீங்க போன்ல பேசுனது யாருட்ட?"

அண்ணன் டீயை வாங்கினார். குடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், உதவிக்குப் போகவில்லை.

"உன் எடத்தை அவங்களுக்குச் சொன்னது நான்தாம்மா" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை, திட்டவில்லை. கையை நீட்டி அந்த டீ கிளாஸை அவரிடமிருந்து திரும்ப வாங்கினாள். மரத்தடியில் ஊற்றிவிட்டு, கிளாஸைக் கடையில் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். நான் ஓடிப்போய்க் கூடச் சேர்ந்துகொண்டேன். அவளோடு பஸ்ஸிலேயே திரும்பினேன். தன் டிக்கெட்டை அவளே வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 13

அழகுமீனா போன் பண்ணினாள். அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டாள். சொன்னேன். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

சாட்சியை மிரட்டியதாக மருமகனின் ஜாமீனை ரத்து செய்யக் கேட்டு அரசுத் தரப்பு மனுப் போட்டிருக்கிறது. ஆதாரம் பலமாக இல்லை. யாராவது ஒருவர் உள்ளேயிருந்து பேச வேண்டும். அண்ணனிடம் நான் இதைச் சொல்லவில்லை. மார்ச் பத்துக்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

மே 9

தேர்தல் முடிந்து பிஸ்டலைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். தீர்ப்பு வரும் வரை வேண்டும், அதற்கப்புறமும் வேண்டியிருக்கலாம். கிளப்பில் கொஞ்சம் சுட்டுப் பார்த்தேன். இரண்டு மாதம் பெட்டிக்குள் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை.

மே 11

மதினி வந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியேயே நின்று பேசினார். காலையில் அண்ணன் தானாகவே டி.எஸ்.பி. ஆபீஸுக்குப் போய், அக்டோபரிலிருந்து நடந்தது அத்தனையும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். போனையும் ஒப்படைத்துவிட்டாராம். அவர்மேலும் கேஸ் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நீ கூட இருந்தாத் தேவலைன்னு நினைக்கிறாரு மங்கை. கேக்க வெக்கப்படுறாரு."

என்னால் அவருக்கு ஆஜராக முடியாது என்றேன். அழகுமீனாவின் வக்கீல் நான். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அவர் போன பிறகு மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு சீனியருக்குப் போன் பண்ணினேன். நல்ல வக்கீல், நிதானமானவர். கட்சிக்காரர் யார் என்று கேட்டார்.

எங்கள் அண்ணன் என்றேன்.